கூடங்குளம் அணுக்கழிவு: ‘தற்காலிகம்’ என்பது எத்தனை ஆண்டு?

கூடங்குளம் அணுமின் நிலையத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் வீடுகளில் வழக்கமாக இரண்டு கேள்விகள்தான் எழுகின்றன. ஒன்று, அது ஆபத்தானதா? மற்றொன்று, அதனால் நமக்குக் கரண்ட் ஒழுங்காகக் கிடைக்குமா? மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. அதை அதிகம் பேர் கேட்பதில்லை. மின்சாரம் எடுத்து முடித்த எரிபொருளை எங்கே வைக்கிறார்கள்? அங்கே வைக்க அனுமதி கொடுப்பவர் யார்? எத்தனை ஆண்டுகளுக்கு?

இலத்தூரிலிருந்து கூடங்குளம் நேர்கோட்டில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆகும்வரை இரண்டு ஊரும் ஒரே திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தன. அங்கே உற்பத்தியாகும் மின்சாரத்தில் கணிசமான பங்கு தமிழகத்துக்கு வருகிறது. மின்சாரத்தை அனுபவிக்கும் நாம் அதன் மிச்சத்தைப் பற்றியும் தெரிந்துகொள்வது நியாயம்தானே! அதைத் தெரிந்துகொள்ள அணு இயற்பியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு பத்திரத்தை எப்படி வாசிக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

எரிந்தது, ஆனால் ஆறவில்லை

கூடங்குளத்தில் இப்போது இயங்கும் இரண்டு உலைகளும் ரஷ்யத் தொழில்நுட்பத்தில் கட்டப்பட்டவை. ஒவ்வொன்றும் 1000 மெகாவாட் திறன் கொண்டது. ஓர் உலைக்குள் 163 எரிபொருள் கட்டுகள் இருக்கின்றன. மெல்லிய உலோகக் குழாய்களுக்குள் யுரேனியம் வில்லைகளை அடுக்கி, அக்குழாய்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டியதே ஒரு கட்டு. குறிப்பிட்ட கால இடைவெளியில் உலையை நிறுத்தி, பழைய கட்டுகளில் ஒரு பகுதியை வெளியே எடுத்துப் புதியவற்றை வைப்பார்கள். அப்படி வெளியே வருவதுதான் ‘பயன்படுத்திய எரிபொருள்’. நம் பேச்சு வழக்கில் அதை அணுக்கழிவு என்கிறோம்.

அடுப்பில் எரிந்த விறகு சாம்பலாகிவிடும். சற்று நேரத்தில் ஆறியும் விடும். இந்த எரிபொருள் அப்படிப்பட்டதல்ல. உலையை நிறுத்திய மறு நொடியிலும் அதன் முழு வெப்பத்தில் 6 சதவீதத்துக்கு மேல் வந்துகொண்டே இருக்கும். ஒரு நாளில் அது ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். ஆனால் அதற்குப் பிறகு மிக மெதுவாகத்தான் தணியும். பல ஆண்டுகள் குளிர்வித்தே ஆக வேண்டும்.

வெப்பத்தைவிட நீண்ட காலம் நிற்பது கதிர்வீச்சு. எரிபொருளில் உருவாகும் அயோடின்-131 எட்டு நாட்களில் பாதியாகக் குறையும். சீசியம்-137 பாதியாவதற்கு 30 ஆண்டுகள் ஆகும். புளூட்டோனியம்-239 பாதியாவதற்கோ சுமார் 24,000 ஆண்டுகள் வேண்டும். ஆகவே இன்று ஒரு கட்டை உலையிலிருந்து வெளியே எடுத்தால், அதைக் காவல் காக்கும் பொறுப்பு நம் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அவர்களுக்கும் அப்பால் பெயர் தெரியாத தலைமுறைகள் வரை நீளும்.

இதில் வேறு ஒரு பார்வையும் உண்டு. வெளியே எடுத்த எரிபொருளில் 90 சதவீதத்துக்கு மேல் இன்னும் யுரேனியம்தான். சுமார் ஒரு சதவீதம் புளூட்டோனியம். இவ்விரண்டையும் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தலாம். இந்திய அரசின் கொள்கையும் அதுவே. அதனால்தான் அணுசக்தித் துறையினர் இதைக் ‘கழிவு’ என்று சொல்ல விரும்புவதில்லை, ‘வளம்’ என்கிறார்கள். அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் பிரித்தெடுத்த பின்னரும் கடுமையான கதிர்வீச்சுள்ள ஒரு பகுதி மிஞ்சும். அதைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி, உறைய வைத்துப் பாதுகாக்க வேண்டும். வளம் என்றாலும் கழிவு என்றாலும், வைக்க ஓர் இடம் தேவை.

மூன்று இடங்கள்

பயன்படுத்திய எரிபொருள் மூன்று இடங்களில் தங்க வேண்டியிருக்கிறது.

முதலாவது, உலைக்கு அருகிலேயே இருக்கும் ஆழமான தண்ணீர்த் தொட்டி. தண்ணீர் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும், கதிர்வீச்சையும் தடுக்கும். ஆனால் அந்தத் தொட்டியில் சில ஆண்டுகளின் எரிபொருளுக்குத்தான் இடம் உண்டு.

இரண்டாவது, தொட்டி நிரம்புவதற்குள் ஓரளவு ஆறிய கட்டுகளை மாற்றி வைக்கும் தனிக் கட்டடம். இதைத்தான் ‘உலைக்கு அப்பாலான சேமிப்பு மையம்’ என்கிறார்கள். செய்தித்தாள்களில் ‘ஏ.எஃப்.ஆர்.’ என்று வருவது இதுவே. ‘அப்பால்’ என்றதும் தொலைவில் எங்கோ கொண்டு போகிறார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. உலைக் கட்டடத்துக்கு வெளியே என்பதே அதன் பொருள். கூடங்குளத்தில் திட்டமிடப்பட்ட மையமும் அதே நிலைய வளாகத்துக்குள்தான். தாராப்பூரிலும் ராவத்பாட்டாவிலும் இத்தகைய மையங்கள் ஏற்கனவே இருக்கின்றன.

மூன்றாவது, பூமிக்குள் பல நூறு மீட்டர் ஆழத்தில், உறுதியான பாறையைக் குடைந்து அமைக்கும் நிரந்தரக் கிடங்கு. இந்தியாவில் அப்படி ஒன்று இன்றுவரை இல்லை.

முதல் இடம் நிரம்பும். இரண்டாவது இடம் தற்காலிகமானது. மூன்றாவது இடமே இல்லை. கூடங்குளம் விவகாரத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

ரஷ்யா எடுத்துக்கொள்ளும் என்றார்கள்

இந்த முடிச்சு எப்படி விழுந்தது? 1988 நவம்பர் 20 அன்று பிரதமர் ராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் கோர்பசேவும் கூடங்குளம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். பயன்படுத்திய எரிபொருளை சோவியத் நாடே திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பது அன்றைய ஏற்பாடு. அதன்படி நம் மண்ணில் அது நீண்ட காலம் தங்கவேண்டிய அவசியமே இல்லை.

1991-ல் சோவியத் நாடு உடைந்தது. திட்டம் சில ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது. பிறகு 1998-ல் ரஷ்யாவுடன் துணை ஒப்பந்தம் போடப்பட்டபோது அந்த ஏற்பாடு மாறியது. எரிபொருளை இந்தியாவே வைத்துக்கொள்ளும் என்று ஆயிற்று. டெல்லியின் பார்வையில் அது லாபம். புளூட்டோனியம் கைவசம் இருக்கும். கூடங்குளத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்கோ, வந்து போகும் விருந்தாளி வீட்டோடு தங்கிவிட்ட கதை ஆகிவிட்டது. ஒப்பந்தத்தில் மாறியது ஒரு பிரிவுதான். அதனால் மாறியது பல தலைமுறைகளின் பொறுப்பு.

முதல் உலை 2013 ஜூலையில் இயங்கத் தொடங்கி, 2014 டிசம்பர் 31 அன்று வணிக உற்பத்திக்கு வந்தது. இரண்டாவது உலை 2017 மார்ச்சில் வந்தது. மூன்று முதல் ஆறு வரையிலான உலைகளின் கட்டுமானமும் அடுத்தடுத்துத் தொடங்கிவிட்டது.

உச்ச நீதிமன்றம் வைத்த தவணை

‘பூவுலகின் நண்பர்கள்’ அமைப்பின் கோ. சுந்தர்ராஜன் தொடர்ந்த வழக்கில் 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலையம் இயங்கலாம் என்று கூறிய நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணனும் தீபக் மிஸ்ராவும் கூடவே 15 வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தார்கள். உலைக்கு அப்பாலான சேமிப்பு மையத்தை ஐந்து ஆண்டுகளுக்குள் அமைக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. நிரந்தர ஆழ்நிலக் கிடங்கையும் கூடிய விரைவில் அமைக்க வேண்டும் என்பது இன்னொன்று.

இந்த இரண்டு கட்டளைகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். முதலாவதற்குத் தவணை உண்டு. இரண்டாவதற்குக் ‘கூடிய விரைவில்’ என்ற சொல்தான் உண்டு.

தவணை குறிக்கப்பட்டதால் என்ன பயன் விளைந்தது? ஐந்து ஆண்டுகள் முடிந்தபோது மையம் கட்டப்படவில்லை. இந்திய அணுமின் கழகம் நீதிமன்றத்துக்கு வந்து காரணம் சொல்லி அவகாசம் கேட்க வேண்டியதாயிற்று. 2018-ல் நீதிமன்றம் 2022 ஏப்ரல் வரை நேரம் கொடுத்தது. வேலை தாமதமானது உண்மைதான். ஆனாலும் தேதி எழுதப்பட்டிருந்ததால்தான் தாமதம் வெளியே தெரிந்தது. கேள்வி கேட்கவும் முடிந்தது. தேதி எழுதப்படாத நிரந்தரக் கிடங்கு பற்றி அப்படி யாரும் வந்து பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நம் வீடுகளில் பழகிய ஒழுங்கு ஒன்று உண்டு. கடன் கொடுத்தால், உடன்பிறந்தவராக இருந்தாலும், தவணையைக் குறித்து எழுதிச் சாட்சி வைத்துக்கொள்கிறோம். நம்பிக்கை இல்லாததால் அப்படிச் செய்வதில்லை. பின்னால் மனக்கசப்பு வரக் கூடாது என்பதற்காகச் செய்கிறோம். அணுக்கழிவு விஷயத்திலும் நமக்கு வேண்டியது அந்த ஒழுங்குதான்.

உரிமம் எப்படிக் கிடைக்கிறது?

இத்தகைய மையத்துக்கு அனுமதி ஒரே கையெழுத்தில் கிடைத்துவிடுவதில்லை. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் படிப்படியாக அனுமதி தருகிறது. முதலில் இடத் தேர்வு, பிறகு கட்டுமானம், அதன்பின் சோதனை இயக்கம், பிறகு முழு இயக்கம், கடைசியாக, ஆயுள் முடிந்ததும் பாதுகாப்பாகக் கலைப்பது. ஒவ்வொரு படியிலும் நிலநடுக்கம், சுனாமி, வெள்ளம், குளிர்விக்கும் வசதி, காவல் ஆகியவற்றை ஆராய வேண்டும்.

இதிலிருந்து வேறுபட்டது சுற்றுச்சூழல் அனுமதி. 2006 செப்டம்பரில் வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி அது வழங்கப்படுகிறது. பொதுமக்களின் கருத்துக் கேட்புக் கூட்டம் வருவது இந்தப் பாதையில்தான்.

ஒழுங்குமுறை வாரியம் 1983 நவம்பரில் அமைக்கப்பட்டது. உரிமம் கேட்பவரும் கொடுப்பவரும் ஒரே குடையின் கீழ் இருக்கக் கூடாது என்ற விவாதம் பல ஆண்டுகளாக நடந்து வந்திருக்கிறது. வாரியம் அப்போது மத்திய அரசுக்குக் கீழ்ப்பட்ட அமைப்பாகவே தொடர்ந்ததை 2012-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையும் குறையாகச் சுட்டிக்காட்டியது.

குற்றாலத்தில் சீசன் நேரத்தில் அருவியில் வெள்ளம் கூடினால் குளிக்கத் தடை போடுகிறார்கள். தடை போடுவது கடைக்காரர்களின் கையில் இருந்தால் என்ன ஆகும்? அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. கூட்டத்தால் பிழைப்பவரிடம் கூட்டத்தை நிறுத்தும் அதிகாரத்தைக் கொடுப்பது அவருக்கே சோதனை. அணு உலைக்கும் இதே அளவுகோல்தான். கண்காணிப்பவர் சுதந்திரமாக இருப்பது, நிலையத்தை நடத்துபவருக்கும் நல்லது. அப்போதுதான் மக்கள் அவருடைய சொல்லை நம்புவார்கள்.

கூடங்குளம் மையத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டம் 2019 ஜூலை 10 அன்று ராதாபுரத்தில் நடக்கும் என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியது. கூட்டம் தேதி குறிப்பிடாமல் தள்ளிவைக்கப்பட்டது. 2022 பிப்ரவரியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். எரிபொருளை ரஷ்யாவுக்கே திருப்பி அனுப்ப வேண்டும். அது இயலாவிட்டால் மக்கள் வசிக்காத, சூழலுக்குப் பாதிப்பில்லாத இடத்தில் நிரந்தர ஆழ்நிலக் கிடங்கில் வைக்க வேண்டும் என்று கேட்டார்.

அந்த நிரந்தரக் கிடங்கு எங்கே அமையும் என்று கேட்டால் எந்த ஊரும் கை தூக்காது. 2012 நவம்பரில் கோலார் தங்கச் சுரங்கத்தின் பெயர் உச்ச நீதிமன்றத்தில் அடிபட்ட உடனே கோலாரில் போராட்டம் வெடித்தது. அங்கே வைக்கும் திட்டம் இல்லை என்று அரசு விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. நம் ஊரில் வேண்டாம் என்று சொல்வது எளிது. அது எங்கோ ஒரு ஊரில் இருந்துதான் ஆக வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டு பேசுவதே நேர்மை.

புதிய உலைகள், புதிய கேள்விகள்

2025 பிப்ரவரி பட்ஜெட்டில் மத்திய அரசு அணுசக்தி இயக்கம் ஒன்றை அறிவித்தது. சிறிய வகை உலைகளுக்கான ஆராய்ச்சிக்கு 20,000 கோடி ரூபாய். 2033-க்குள் குறைந்தது ஐந்து சிறிய உலைகள். 2047-க்குள் 1,00,000 மெகாவாட் அணுமின்சாரம் என்பது இலக்கு. உலகம் முழுவதும் புதுவகை உலைகள் பேசப்படுகின்றன. உலையின் வகை மாறினால் மிச்சத்தின் தன்மையும் மாறும். பழைய சேமிப்பு முறை அப்படியே பொருந்தாது.

கல்பாக்கத்தில் 500 மெகாவாட் அதிவேக ஈனுலை கட்டப்பட்டிருக்கிறது. அதைக் குளிர்விப்பது தண்ணீர் அல்ல, உருகிய சோடியம். சோடியம் தண்ணீரைத் தொட்டால் தீப்பிடிக்கும். எனவே எரிபொருளில் ஒட்டியிருக்கும் சோடியத்தை அகற்றாமல் தண்ணீர்த் தொட்டியில் இறக்க முடியாது. அங்கே 1985 முதல் இயங்கும் சிறிய சோதனை ஈனுலையின் அனுபவம் நம் விஞ்ஞானிகளுக்கு இதில் கைகொடுக்கிறது.

சீனாவில் 2023 டிசம்பரில் வணிக இயக்கத்துக்கு வந்த ஓர் உலையில் எரிபொருள், டென்னிஸ் பந்து அளவிலான உருண்டைகளாக இருக்கிறது. ஓர் உலைக்கு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட உருண்டைகள்! 163 கட்டுகளை எண்ணிக் கணக்கு வைப்பதும் லட்சக்கணக்கான உருண்டைகளுக்குக் கணக்கு வைப்பதும் ஒன்றாகுமா?

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் உருகிய உப்பில் எரிபொருளைக் கரைத்து இயக்கிய சோதனை உலை 1969-ல் நிறுத்தப்பட்டது. மிச்சமிருந்த உப்பு தொட்டிகளில் உறைந்து கிடந்தது. பாதுகாப்பாக இருக்கிறது என்றே கருதினார்கள். 1994-ல் திறந்து சோதித்தபோது, யுரேனியத்தில் ஒரு பகுதி வாயுவாக மாறிக் குழாய்களுக்குள் நகர்ந்திருந்தது தெரியவந்தது. 25 ஆண்டுகள் சும்மா வைத்திருந்ததில் நடந்த மாற்றம் அது. ‘வைத்துவிட்டோம்’ என்பதோடு காவல் முடிவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. உலை கட்டும் முன்பே, அதன் மிச்சத்தை வைக்கும் முறைக்கும் உரிமம் பேசப்பட வேண்டும்.

தவணை எழுதியவர்களும் தவறியவர்களும்

அமெரிக்காவில் 1982-ல் ஒரு சட்டம் இயற்றினார்கள். 1998 ஜனவரி 31-க்குள் அணுமின் நிலையங்களிலிருந்து எரிபொருளை மத்திய அரசு எடுத்துக்கொள்ளத் தொடங்கும் என்று அதன்படி உறுதி தரப்பட்டது. நிரந்தரக் கிடங்கு அமையவில்லை. அரசு எடுத்துக்கொள்ளவும் இல்லை. மின் நிறுவனங்கள் வழக்குத் தொடர்ந்தன. அரசு இதுவரை ஆயிரம் கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு கொடுத்திருக்கிறது. வாக்கு தவறியது வருத்தமான செய்திதான். ஆனால் தேதி எழுதப்பட்டிருந்ததால்தான் அந்தத் தவறுக்கு விலை இருந்தது.

அங்கே தற்காலிக மையத்துக்கான உரிமத்தை 40 ஆண்டுகள் வரை கொடுக்கிறார்கள். பிறகு மறு ஆய்வு செய்து புதுப்பிக்க வேண்டும். டெக்சாஸில் அமையவிருந்த ஒரு மையத்தின் உரிமத்தை எதிர்த்து அம்மாநில அரசு தொடர்ந்த வழக்கு 2025 ஜூனில் தள்ளுபடியானது. உரிம விசாரணையில் முறைப்படி ஒரு தரப்பாக இல்லாதவர் பின்னர் இப்படி வழக்காட முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. நம் நாட்டுச் சட்டம் வேறு. ஆனாலும் பாடம் ஒன்றுதான்: பேச வேண்டிய நேரத்தில், பேச வேண்டிய இடத்தில், பேச வேண்டிய முறையில் பேசியாக வேண்டும்.

பின்லாந்து வேறு வழியில் போனது. நிரந்தரக் கிடங்குக்கு அந்த ஊர் நகராட்சியின் சம்மதம் கட்டாயம் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். யூராயோக்கி என்ற நகராட்சி சம்மதித்தது. 2001-ல் நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது. 2015-ல் கட்டுமான உரிமம் கிடைத்தது. பாறைக்குள் 400 மீட்டருக்கும் மேல் ஆழத்தில், தாமிர உறைகளில் எரிபொருளை வைத்துக் களிமண்ணால் மூடும் கிடங்கைக் கட்டியிருக்கிறார்கள். ஊரைக் கேட்டுச் செய்ததால் வேலை கெட்டுவிடவில்லை.

அச்சமும் அலட்சியமும் வேண்டாம்

சேமிப்பு மையம் என்றதும் அணுகுண்டு போல வெடிக்கும் என்று பயப்படத் தேவையில்லை. அந்த எரிபொருளால் அப்படி வெடிக்க முடியாது. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமாவை சுனாமி தாக்கியபோது நான்காம் உலையின் தொட்டியில் 1,500-க்கும் மேற்பட்ட கட்டுகள் இருந்தன. தண்ணீர் வற்றிவிடுமோ என்று உலகமே அஞ்சியது. தண்ணீர் வற்றவில்லை, 2014 டிசம்பருக்குள் எல்லாக் கட்டுகளையும் பத்திரமாக வெளியே எடுத்தார்கள். அதே வளாகத்தில் தடித்த உலோகப் பீப்பாய்களில் உலர்வாக வைத்திருந்த எரிபொருள், வெள்ளம் புகுந்தும் கசியவில்லை. நெரிசலான தொட்டியிலேயே வைத்திருப்பதைவிட, நன்றாகக் கட்டிய தனி மையம் பாதுகாப்பானது என்று நிபுணர்கள் பலர் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

கூடங்குளத்தின் அவசரகாலத் திட்டம் 16 கிலோமீட்டர் சுற்றளவைக் கணக்கில் கொண்டது. இலத்தூரும் தென்காசியும் அதற்கு வெகு தொலைவில் உள்ளன. அதனால் நமக்கு உடனடி ஆபத்து என்று பீதியைப் பரப்பும் வாட்ஸ்அப் செய்திகளை அடுத்தவருக்கு அனுப்பாமல் இருப்போம். அதே நேரம், தூரத்தில் இருக்கிறோம் என்பதால் கேட்காமலும் இருந்துவிட வேண்டாம்.

நாம் என்ன கேட்கலாம்?

கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டால் குறைந்தது 30 நாட்கள் முன்னதாக, ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் விளம்பரம் வர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் இருக்க வேண்டும். ஆட்சியர் அலுவலகம் உள்ளிட்ட இடங்களில் அதைப் பார்வைக்கு வைக்க வேண்டும். நேரில் போக முடியாதவர்கள் எழுத்து மூலம் கருத்து அனுப்பலாம். கூட்டத்தை வீடியோ பதிவு செய்ய வேண்டும். நடவடிக்கைக் குறிப்பை மக்கள் மொழியில் அங்கேயே வாசித்துக் காட்ட வேண்டும். இவையெல்லாம் நமக்கு உள்ள உரிமைகள்.

அறிக்கை கைக்கு வந்தால் ஐந்து கேள்விகளோடு வாசிப்போம்:

1. இங்கே எத்தனை கட்டுகள், எந்தெந்த உலைகளிலிருந்து வரும்?
2. எத்தனை ஆண்டுகளுக்கு உரிமம்? எந்தத் தேதியில் முடிகிறது?
3. அந்தத் தேதிக்குப் பின் எரிபொருள் எங்கே போகும்? அந்த இடம் தயாரா?
4. இடையில் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை திறந்து சோதிப்பார்கள்? முடிவை மக்களுக்குச் சொல்வார்களா?
5. காவலுக்கும் பராமரிப்புக்கும் கடைசிக் காலம் வரை பணம் எங்கிருந்து வரும்?

நம் கல்லூரிப் பிள்ளைகளில் அறிவியல் படிப்பவர்கள் ஒரு மாலைப் பொழுதில் அந்த அறிக்கையைப் பெரியவர்களுக்கு வாசித்து விளக்கலாம். பெண்களும் வீட்டிலிருந்தே எழுத்து மூலம் கருத்து அனுப்பலாம். திட்டத்தை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் இந்த ஐந்து கேள்விகளைச் சேர்ந்தே கேட்க முடியும்.

ஒருவர் நம்மிடம் ஒப்படைத்த பொருளை அமானிதம் என்கிறோம். அதைக் குறைவின்றித் திருப்பிக் கொடுப்பது நம் கடமை. இங்கே நிலைமை தலைகீழ். நாம் அனுபவித்ததன் மிச்சத்தை, இன்னும் பிறக்காத பிள்ளைகளின் கையில் ஒப்படைக்கிறோம். வாங்க மாட்டேன் என்று சொல்லும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை. குறைந்தபட்சம், எதை ஒப்படைக்கிறோம், எங்கே வைத்திருக்கிறோம், எதுவரை காக்க வேண்டும் என்பதையாவது தெளிவாக எழுதிக் கொடுப்போம். ‘தற்காலிகம்’ என்று எழுதும் இடத்தில், பக்கத்திலேயே ஒரு தேதியையும் எழுதச் சொல்லிக் கேட்போம்.